காப்புக் கட்டின கை

அந்த மனுசனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுன்னா இன்னிக்கும் எனக்கு நாக்கு எழும்பாது. 'வயசாச்சு, இன்னுமா அதையே நெனைச்சுட்டிருப்பே, மறந்துபோடு'ங்கறாங்க ஊட்டுல. மறந்துபோடறதுக்கு அது என்ன பஸ்ஸுல உட்டுட்டு வந்த கொடையா? என் மில்லை முழுங்கப் பாத்தவரு. நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன்.

தொண்ணூறுகள்ல நான் பெரியநாயக்கன்பாளையத்துல மெயின் ரோட்டு மேல மாவு மில்லு வெச்சிருந்தேன். அரிசி, ராகி, மொளகா, மல்லி, எதைக் கொண்டாந்தாலும் அரைச்சுக் குடுப்பேன். எங்க ஊட்டுக்காரருக்கு நூல் மில்லுல ஷிப்டு வேலை, அதனால மாவு மில்லு முழுக்க என் பாடுதான். பெல்ட்டு அறுந்தாலும் நானே மாட்டுவேன், கல்லு தேஞ்சாலும் நானே கொத்துவேன். கூலிக்காரி மக ரோட்டு மேல மில்லு போட்டுட்டாளேன்னு கண்ணு வெச்சவங்க நொம்பப் பேரு. அதுல மொத ஆளு இந்த பைனான்ஸ்காரரு.

நான் பொறந்த ஊரும் அவரு ஊரும் ஒண்ணுதான். துடியலூர் தாண்டி பெரியநாயக்கன்பாளையம் வர்றதுக்கு முன்னால ஸ்டாப்பு. எங்கப்பனும் ஆத்தாளும் அவங்க தோட்டத்துலதான் கூலிக்குப் போனாங்க. அவரு டவுனுல, காந்திபுரத்துல மாடி மேல பைனான்ஸ் ஆபீஸ் நடத்தினாரு. மில்லுக்குப் புது மோட்டார் வேணும்னு அவருகிட்டத்தான் போய் நின்னேன். "நம்மூருப் புள்ள, உனக்கில்லாமயா அம்மணி?"ன்னு பல்லெல்லாம் தெரியச் சிரிச்சாரு. ஸ்டாம்பு ஒட்டின புரோநோட்டை நீட்டினாரு, கையெழுத்துப் போட்டேன். அதுல தொகையும் எழுதல, தேதியும் எழுதல. அங்க கடன் வாங்கற எல்லாருக்கும் அதேதான். கேட்டா 'எம்மேல நம்பிக்கை இல்லியா?'ம்பாரு. சாட்சிக் கையெழுத்து எங்க ஊரு மாரியம்மன் கோயல் பூசாரி போடுவாரு. அந்தப் பூசாரி பாவம், எங்க போடச் சொன்னாலும் போட்டுட்டுப் போற ஆளு.

வட்டியும் அசலும் கட்டி முடிச்சேன். நோட்டைக் குடுங்கன்னேன். "பீரோவுல எங்கியோ கெடக்குது, தேடிக் குடுத்து உடறேன், நீ போ அம்மணி"ன்னாரு. நானும் கேனச்சிறுக்கியாட்டம் வந்துட்டேன்.

அப்பறம் ரோட்டோரத்து எடமெல்லாம் வெலை ஏற ஆரம்பிச்சுது. மில்லுக் கொட்டாயை எனக்குக் குடுத்துபோடுன்னு ஆளு உட்டாரு. குடுக்கறதுக்கில்லீங்கன்னு சொல்லி அனுப்பிச்சேன். அடுத்து வந்தது கோர்ட்டு நோட்டீஸ். நான் வாங்கினதைப் போல அஞ்சு மடங்கு எழுதி, அந்த நோட்டை வெச்சு கேஸு போட்டுட்டாரு! பின்னாலயே கோர்ட்டு அமீனா வந்து மில்லுக் கதவுல ஜப்தி உத்தரவை ஒட்டினாரு. கேஸு தோத்தா மில்லு ஏலத்துக்குப் போயிருமாம்.

அதை ஒட்டறதைப் பாக்கறதுக்குன்னே அவரு கார்ல வந்திருந்தாரு. எறங்கவும் இல்ல, கண்ணாடியை மட்டும் எறக்கினாரு. மொளகா அரைக்க நாலஞ்சு பொம்பளைங்க டப்பாவோட நின்னுட்டிருந்தாங்க. அவங்க காதுல உழுகட்டும்னே சொன்னாரு, "எங்க கட்டுத்தறியில சாணி வாரினவ மகளுக்கு மில்லு ஒரு கேடா? மோசடிக்காரி!"

எங்காத்தா சாணி வாரினா. ஆமா, வாரினா. அவங்க ஊட்டுச் சாணியைத்தான் வாரினா, அவங்க ஊட்டுப் பணத்தை வாரல. எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிஞ்சுது, மொளகாப் பொடியால இல்ல. மில்லு தப்பிச்சா மட்டும் பத்தாதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணினேன். நாலு பேரு முன்னால என்னை மோசடிக்காரின்ன அந்த நாக்கு, நாலு பேரு முன்னால கொழறணும்.

மொதல்ல ஒரு வக்கீலைப் புடிச்சேன். அவரு வாய்தாவுக்கு வாய்தா பீஸ் வாங்குனாரே ஒழிய வாயைத் தொறக்கல. "கையெழுத்து உங்களோடதுதானம்மா? அப்பறம் என்ன கேஸு இருக்குது? ராஜியாப் போயிருங்க"ன்னாரு. காசு வாங்கறது எங்கிட்ட, பரிஞ்சு பேசறது அந்தப் பக்கம். போதுஞ்சாமின்னு கேஸ் கட்டைத் திருப்பி வாங்கிட்டு, நேரா நீதிபதி முன்னால போய் நின்னேன்.

"நானே பேசிக்கறனுங்க ஐயா."

அவரு கண்ணாடிக்கு மேல பாத்தாரு. "சட்டம் தெரியுமாம்மா?"

"நடந்தது தெரியுமுங்க."

"அப்பறம் தீர்ப்பு எதிரா வந்துட்டா என்னைக் குத்தம் சொல்லக்கூடாது"ன்னு சொல்லி, எழுதிக்கிட்டாரு. வெளிய வந்ததும் எங்க ஊட்டுக்காரரு தலையில கைய வெச்சுட்டாரு. "ஏம்புள்ள, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா?"ன்னு கேட்டாரு. புடிச்சுத்தான் இருந்துது. அவருகிட்ட நான் ஒண்ணை மறைச்சு வெச்சிருந்தேன்.

அது என்னன்னா, நோட்டுல நெரப்பியிருந்த தேதி. பிராது நகலை ஊட்டுல ஒக்காந்து எழுத்துக் கூட்டிப் படிச்சப்பத்தான் கண்ணுல பட்டுது. எம்மக பொறந்த நாளு! அந்த வருசம் அவ பொறந்த நாளும் எங்க ஊரு மாரியாத்தா நோம்பி மாவிளக்கும் ஒரே நாள்ல வந்துது. அன்னிக்கு வெள்ளென இருந்து மாவிளக்குக்கு அரிசி அரைக்க மில்லுல கூட்டம் தாங்கல. அவளுக்குப் புதுத்துணி எடுத்துத் தர மறந்துபோயி, அவ ஒரு வாரம் எங்கூடப் பேசல. அந்த நாளை நான் எப்பிடி மறப்பேன்?

எங்க பக்கத்து நோம்பி, அதான் கோயல் திருவிழா, தெரியாதவங்களுக்குச் சொல்லிபோடறேன். நோம்பி சாட்டி நாள் குறிச்சதும் ஊருக்காக ஒருத்தரு காப்புக் கட்டுவாரு. பூசாரி அவரு கையில மஞ்சளைக் கோத்துக் கட்டிட்டாருன்னா, மாவிளக்கு முடிஞ்சு, மஞ்சத்தண்ணி ஊத்தி, அதை அவுக்கற வரைக்கும் அவரு ஊரு எல்லை தாண்டக்கூடாது. கோயல்லயேதான் படுக்கணும். காசு பணம் தொடக்கூடாது, குடுக்கல் வாங்கல் கூடாது. மீறினா அவருக்கு மட்டுமில்ல, ஊருக்கே ஆகாது, மழை பொய்ச்சுப் போகும்பாங்க. எங்க ஊருல வருசா வருசம் காப்புக் கட்டறது யாருங்கறீங்க? சாட்சாத் இதே பைனான்ஸ்காரருதான்.

நோட்டுப்படி பாத்தா அந்த மாவிளக்கு நாளு அவரு காந்திபுரம் ஆபீஸ்ல ஒக்காந்து எனக்கு ரொக்கமா எண்ணிக் குடுத்திருக்கோணும். நான் அன்னிக்குப் பொழுதோட மாவிளக்குத் தட்டைத் தூக்கிட்டுக் கோயலுக்குப் போறேன், இவரு மஞ்ச வேட்டியும் மாலையுமா வாசல்ல நின்னு எனக்குத் துண்ணூறு குடுக்கறாரு! அந்தத் தேதி நோட்டுல வந்தது இப்பிடித்தான். மூணு வருசம் தாண்டின நோட்டு கோர்ட்டுல செல்லாது. அதனால அவரு ஆபீஸ் கணக்கன் தாண்டாத ஒரு தேதியாப் பாத்து எழுதிட்டான். அவன் வெளியூர்க்காரன், எங்க நோம்பி அவனுக்கு எங்க தெரியுது? இவரும் பாக்கல. காசு வருதுன்னா தேதியையா பாப்பாரு?

சாட்சி விசாரணை அன்னிக்கு அவரு காரை உட்டுட்டு, ஊர்க்காரங்க இருவது பேரை வேன்ல ஏத்திக் கூட்டிட்டு வந்தாரு. நான் தோக்கறதை வேடிக்கை பாக்கணுமாம். கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரையாட்டம் ஆளுக்கொரு டீ வாங்கிக் குடுத்தாரு. பூசாரி சாட்சிங்கறதால அவரை மட்டும் வெளிய வராண்டாவுல ஒக்கார வெச்சாங்க. மத்தவங்க உள்ள வந்து பின்னால நின்னாங்க.

அவரு கூண்டுல ஏறிப் பிரமாணம் பண்ணினாரு. நோட்டுல எழுதின அன்னிக்கு, தன் ஆபீஸ்ல வெச்சு, தன் கையாலயே எனக்குப் பணம் குடுத்ததாச் சொன்னாரு. நீதிபதி என்னைப் பாத்து, "கேளுங்கம்மா"ன்னாரு. எந்திரிச்சேன்.

"ஏனுங்க, நம்மூரு மாரியாத்தா கோயலுக்கு நீங்கதானுங்க காப்புக் கட்டறது?"

அவரு வக்கீலு எந்திரிச்சு, கேஸுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னாரு. அவருக்கு முந்திட்டு இவரே பதில் சொல்லிட்டாரு. ஊர்க்காரங்க முன்னால காப்புப் பேச்சுன்னா உடுவாரா? "ஆமா. எங்கப்பாரு காலத்துக்கப்பறம் நான்தான். ஒரு வருசம் உட்டதில்ல."

"காப்புக் கட்டிட்டு ஊரு எல்லை தாண்டலாமுங்களா?"

"அதெப்பிடித் தாண்டறது? சாமி குத்தம்."

"பணங்காசு தொடலாமுங்களா?"

"கூடாது." பின்னால திரும்பி ஊர்க்காரங்களைப் பாத்து ஒரு சிரிப்பு வேற. "இவளுக்கு எங்க தெரியும் கோயல் சாங்கியமெல்லாம்?"

அந்தச் சிரிப்பை நான் நல்லா நின்னு பாத்துக்கிட்டேன். அதுக்கப்பறம், அந்த வருசத்து நோம்பி நோட்டீசை எடுத்து நீட்டினேன். அவரே படம் போட்டு அச்சடிச்சு ஊரெல்லாம் ஒட்டினது. அதுல மாவிளக்கு என்னிக்குன்னு படிக்கச் சொன்னேன். படிச்சாரு. நோட்டுல இருக்கற தேதியையும் படிக்கச் சொன்னேன். பாதி படிச்சவரு நிறுத்திட்டாரு.

"அப்ப அன்னிக்கு நீங்க காந்திபுரத்துல எப்பிடி இருந்தீங்க?"

வக்கீலு குதிச்சு எந்திரிச்சு என்னென்னமோ சட்டம் பேசினாரு. நீதிபதி கடிகாரத்தைப் பாத்து, மத்தியானத்துக்கு மேல அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்னு எந்திரிச்சுப் போயிட்டாரு.

வராண்டாவுல நாங்க கட்டுச்சோத்தைப் பிரிக்கறதுக்குள்ள வக்கீலு வந்துட்டாரு. கேஸை வாபஸ் வாங்கிக்கறாங்களாம். நோட்டையும் கிழிச்சுக் குடுத்தர்றாங்களாம். ஜப்தியும் போயிரும், மில்லு என்னுதுதான். ஒண்ணே ஒண்ணு, நான் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேக்கக்கூடாது. எங்க ஊட்டுக்காரரு என் கையைப் புடிச்சுட்டாரு. "ஒத்துக்க புள்ள. நம்ம மில்லு தப்பிச்சுது, வேறென்ன வேணும்?" அவருக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

எனக்கு மில்லு வேணுந்தான். உசுராட்டம் வேணும். ஆனா கார்க் கண்ணாடிக்குள்ள இருந்து வந்த அந்தச் சொல்லை யாரு வாபஸ் வாங்கறது?

"அவரு ஊர்க்காரங்க முன்னால பதில் சொல்லட்டுமுங்க. அப்பறம் பாத்துக்கலாம்"னு வக்கீலை அனுப்பிட்டேன். எங்க ஊட்டுக்காரரு சோத்தைத் தொடாம மூடி வெச்சாரு.

மறுபடி கூண்டு. நான் அதே கேள்வியைக் கேட்டேன். அவரு என் மூஞ்சியைப் பாக்காம நீதிபதியைப் பாத்துச் சொன்னாரு, "ஆமாங்க, அன்னிக்கு நான் எல்லை தாண்டித்தானுங்க போனேன். இந்தப் பொம்பளை வந்து அழுததால மனசு கேக்கல. காப்போட கார்ல போய் பணத்தைக் குடுத்துட்டு, யாருக்கும் தெரியாம வந்துட்டேன்."

பின்னால 'ஐயோ'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அடப்பாவி மனுசா! சாமியைக் கூட வித்துப்போடுவாருன்னு நான் நெனைக்கல. எல்லை தாண்டினேன்னு அவரே சொல்லிட்டா நோட்டு உண்மையாயிருமே. கையில வந்த மில்லை வீம்புக்குத் தூக்கி எறிஞ்சுட்டேனேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். எங்க ஊட்டுக்காரரைத் திரும்பிப் பாக்கத் தைரியம் வரல. நான் அழுதேனாமா, அவரு எரக்கப்பட்டாராமா! அது வேற.

அடுத்து பூசாரி. அவரைக் கூப்பிட வக்கீலுக்கு மனசில்லைன்னு மூஞ்சியே சொல்லிச்சு. ஆனா நோட்டுச் சாட்சியைக் கூப்பிடாம உட்டா நீதிபதிக்குச் சந்தேகம் வந்துருமே. கோர்ட்டு டவாலி மூணு தரம் கூப்பிட்டாரு. பூசாரி வந்து ஏறினாரு. கையெழுத்து என்னுதுதானுங்க, பணம் குடுத்ததைப் பாத்தனுங்கன்னு சொல்லிக் குடுத்ததை ஒப்பிச்சாரு.

எனக்குப் பயமெல்லாம் போயி ஆங்காரம்தான் மிச்சமிருந்துது. அவரு கூண்டுக்குப் பக்கத்துல போய் நின்னேன்.

"ஏனுங்க பூசாரி, அது மாவிளக்கு நாளுங்க. காப்புக் கட்டின கையோட எல்லை தாண்டி, காந்திபுரம் போய்ப் பணம் குடுத்தேன்னு அவரு இப்பத்தான் இங்க நின்னு சொன்னாருங்க. காப்பு நீங்க கட்டினதுதானுங்களே? தாண்டினதை நீங்களும் பாத்தீங்களா?"

வக்கீலு ஆட்சேபணைன்னு கத்தினாரு. நீதிபதி கையைக் காட்டி அவரை அமத்திட்டு, "நானே கேக்கறேன். அவர் அன்னிக்கு ஊரை விட்டுப் போனாரா?"ன்னாரு.

பூசாரி பைனான்ஸ்காரரைப் பாத்தாரு. அவரு தலைய ஆட்டி, ஆமான்னு சொல்லுங்கற மாதிரி கண்ணைக் காட்டினாரு. பூசாரி அப்பறம் பின்னால நின்ன ஊரைப் பாத்தாரு. நோட்டுத் தேதி உழுந்த அந்த நோம்பி வருசம் எங்க ஊருல மழை இல்ல. கெணறெல்லாம் காஞ்சு, ஆடுமாட்டை வித்தாங்க. எதனால மழை போச்சுன்னு பூசாரியைத்தான் எல்லாரும் கேட்டாங்க.

"அவரு தாண்டலீங்க சாமி." பூசாரி கையெடுத்துக் கும்பிட்டாரு. "நான் கட்டின காப்பு. அன்னிக்குப் பூரா கோயல்ல எங்கூடத்தான் இருந்தாரு. பணம் குடுத்ததை நான் பாக்கலீங்க. வெத்து நோட்டுல போடச் சொன்னாரு, போட்டேன்."

"இப்பத்தானே பாத்தேன்னு சொன்னீங்க?"

"அது பொய்யுங்க. அவருக்காக எத்தனையோ நோட்டுல போட்டிருக்கனுங்க. ஆனா காப்பு மேல பழி சொல்லச் சொன்னா என்னால ஆகாதுங்க. என்னைச் செயிலுக்கு வேணா அனுப்புங்க."

நீதிபதி பேனாவை எடுத்து எழுத ஆரம்பிச்சாரு. ஊர்க்காரங்க ஒருத்தருக்கப்பறம் ஒருத்தரா வெளிய போனாங்க. பைனான்ஸ்காரரு சித்தப்பா மொறை ஒருத்தரு மட்டும் வாசல்ல நின்னு, "காசுக்காக மாரியாத்தா பேரையே கெடுத்துபோட்டியேடா"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அதைக் கேட்டு எனக்கு வயிறு குளுந்துது. குளுந்துதுன்னு சொல்ல எனக்கென்ன வெக்கம்?

தீர்ப்பு அப்பறம் ஒரு வாய்தாவுலதான் வந்துச்சு. வழக்கு தள்ளுபடி, எனக்குச் செலவுத்தொகையும் அவரு குடுக்கோணும். ஜப்தி உத்தரவை நானே தண்ணியில நனைச்சுச் சொரண்டி எடுத்தேன். அடுத்த நோம்பிக்குக் காப்பு வேற ஒருத்தரு கையில. ஆனா எனக்குத் தீர்ப்பு, பூசாரி சாட்சி சொன்ன அன்னிக்குச் சாயங்காலமே கெடைச்சுபோச்சு.

காந்திபுரத்துல நாங்க மேட்டுப்பாளையம் பஸ்ஸுல ஏறி ஒக்காந்திருந்தோம். எங்க ஊட்டுக்காரரு மூடி வெச்ச சோத்தை அப்பத்தான் பிரிச்சு, ஒரு வாய் தின்னுட்டு ஒரு தரம் சிரிச்சுக்கறாரு. பஸ்ஸு கெளம்பற நேரத்துல பைனான்ஸ்காரரு ஏறினாரு. தனியா. வேன் அவரை உட்டுட்டுப் போயிருந்துது. காசு இருந்தும் ஒரு டாக்சி புடிக்கணும்னு கூடத் தோணல போல. நிக்கத்தான் எடமிருந்துது, எங்க சீட்டுக்குப் பக்கத்துலயே கம்பியப் புடிச்சுட்டு நின்னாரு.

எங்க ஊட்டுக்காரரு பழக்கதோசத்துல எந்திரிக்கப் பாத்தாரு. தொடையில கைய வெச்சு அமுக்கி ஒக்கார வெச்சேன். வழியெல்லாம் நான் அவரு மூஞ்சியையே பாத்துட்டு வந்தேன், ஜன்னல் பக்கம் ஒரு தரம் கூடத் திரும்பல. அவரு என்னைப் பாக்கல.

துடியலூர் போச்சு. அடுத்து எங்க ஊரு ஸ்டாப்பு. கண்டக்டர் விசில் ஊதினாரு, பஸ்ஸு நின்னுது. டீக்கடை முன்னால வேன் நின்னுட்டிருந்துது. அதைச் சுத்தி ஊரே கூடிப் பேசிட்டிருந்துது, நடுவுல பூசாரி. பைனான்ஸ்காரரு படிக்கட்டு வரைக்கும் போனாரு. குனிஞ்சு வெளிய பாத்தாரு. அப்பறம் ஒரு அடி பின்னால வந்து, கம்பியைத் திரும்பப் புடிச்சுக்கிட்டாரு. விசில் ஊதி பஸ்ஸு கெளம்பிருச்சு.

பஸ்ஸே கேக்கற மாதிரி நான் சொன்னேன், "ஏனுங்க, நம்மூரு பின்னால போயிருச்சுங்களே!"

அவரு திரும்பல. கண்டக்டர் வந்து, "எங்கீங்க எறங்கோணும்?"னு கேட்டாரு. பதில் சொல்ல அவருக்கு ஒரு ஊரு பேரு வாயில வரல. நாங்க பெரியநாயக்கன்பாளையத்துல எறங்கினப்பறமும் அவரு அந்த பஸ்ஸுலயேதான் நின்னுட்டிருந்தாரு.